நீல லேசரில் பழைய சிடி போட்டால் பாட்டு தெளிவாகுமா?

#1 குடந்தைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாங்கி வைத்த சிடிகள் ஒரு நூற்றைம்பது வீட்டில் இருக்கின்றன. எல்லாம் 90களில் வாங்கியவை. பாதி கர்நாடக இசைக் கச்சேரி, பாதி பழைய படப்பாட்டு. அதே காலத்து சிடி பிளேயர் ஒன்றும் இருக்கிறது. இப்போது அது மூன்று தகட்டில் ஒன்றைப் படிக்க மறுக்கிறது, படித்தாலும் நடுவில் விக்குகிறது.

போன வாரம் கைமாறிய ஒரு புளூ-ரே பிளேயர் மலிவாகக் கிடைத்தது. விக்கிய தகடுகளில் முக்கால்வாசி அதில் ஒழுங்காக ஓடுகின்றன. சத்தமும் கொஞ்சம் துலக்கமாக இருப்பதுபோல் படுகிறது. நண்பன் சொல்லும் விளக்கம் இது: "புளூ-ரேயில் இருப்பது நீல லேசர். கதிர் மெலிசு. பழைய லேசர் கோட்டை விட்டதையெல்லாம் இது பிடித்துவிடும்." உண்மையா? உண்மையென்றால் ஜப்பானில் புளூ-ஸ்பெக் சிடி என்று நீல லேசரால் வெட்டிய தகடுகள் விற்கிறார்களே, காசு போட்டு வரவழைக்கலாமா?

#2 சுருள்நாடா

தம்பி, பென்சிலை விட்டு கேசட்டைச் சுற்றிக் கேட்ட கூட்டம் நாங்கள். எங்களுக்கு விக்கலும் பாட்டில் சேர்த்திதான். நீங்கள் பேசுங்கள், நான் டீ குடித்தபடி படிக்கிறேன்.

#3 அரைக்கடத்தி

முதலில் நண்பரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறேன். உங்கள் புளூ-ரே பிளேயரில் சிடி ஓடும்போது நீல லேசர் அணைந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள் மூன்று லேசர்கள்: புளூ-ரேக்கு 405 நானோமீட்டர், டிவிடிக்கு 650, சிடிக்கு 780. உங்கள் அப்பாவின் தகட்டைப் படிப்பது அந்த 780தான், அதாவது பழைய பிளேயரில் இருந்த அதே அகச்சிவப்பு. (சிவப்பு என்கிறோம், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிடாதீர்கள்.)

ஏன் நீலத்தையே பயன்படுத்தவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிடியில் குழி, சமதளம் என்று இரண்டே விஷயம். குழியின் ஆழம் ஏறத்தாழ 120 நானோமீட்டர். 780 நானோமீட்டர் ஒளி பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் அதன் அலைநீளம் 500 அளவுக்குச் சுருங்கிவிடும். 500இல் கால் பங்கு 125. ஆக, குழியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் போக வர அரை அலை வித்தியாசம் வருகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், இரண்டும் சேர்ந்து அடித்துக்கொண்டு அடங்கும். குழி வந்தால் இருட்டு, சமதளம் வந்தால் வெளிச்சம். படிப்பது என்றால் இவ்வளவுதான்.

இப்போது அதே குழியில் 405ஐ விடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் அது சுமார் 260 ஆகும். போக வர வித்தியாசம் 240. அநேகமாக ஒரு முழு அலை! முழு அலை பின்தங்கினால் பின்தங்காதது மாதிரிதான். இரண்டும் கைகோத்துக்கொண்டு திரும்பும், வெளிச்சம் குறையவே குறையாது. நீல லேசருக்கு உங்கள் சிடி ஏறக்குறைய முகம் பார்க்கும் வெறும் கண்ணாடி.

இது போதாதென்று லென்ஸ் விவகாரமும் உண்டு. புளூ-ரே லென்ஸ் 0.1 மில்லிமீட்டர் படலத்துக்கு அடியில் பார்க்கச் செய்தது. சிடியில் தரவு இருப்பது 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தடிமனுக்குள் அந்த லென்ஸால் கதிரைப் புள்ளியாகக் குவிக்க முடியாது.

#4 குடந்தைக்காரன்

அப்படியானால் எனக்குக் கேட்ட வித்தியாசம் பிரமையா? மனைவிக்கும் கேட்டதே. நான் எதையும் சொல்லாமல்தான் போட்டுக் காட்டினேன்.

#5 செவிச்செல்வம்

பிரமை என்று அவ்வளவு சீக்கிரம் முத்திரை குத்த வேண்டாம். "ஒன்றும் பூச்சியமும்தானே" என்று முடித்துவிடுவது பொறியாளர்களின் வழக்கம். குழியின் விளிம்பு எந்தக் கணத்தில் வருகிறது என்பதிலும் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. ஜிட்டர் என்போம். வெட்டும் லேசர் கூர்மையானால் விளிம்பு கூர்மையாகும், தடுமாற்றம் குறையும். புளூ-ஸ்பெக்கின் தர்க்கமே அதுதான். 2008இல் சோனி மியூசிக் சும்மாவா அதைக் கொண்டுவந்தது? என்னிடம் ஏழு தகடுகள் இருக்கின்றன. பியானோவின் நுனி ஒலி கேட்டால் தெரியும்.

#6 அரைக்கடத்தி

செவிச்செல்வம் அண்ணா, விளிம்பு கூர்மையாகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே பொய் இல்லை. ஆனால் அந்தக் கூர்மை எதுவரை பயணம் போகிறது?

சிடியில் குழிகளுக்கும் இடைவெளிகளுக்கும் ஒன்பதே ஒன்பது நீளங்கள்தான் அனுமதி. மிகச் சிறியது 0.83 மைக்ரோமீட்டர், மிக நீண்டது 3 மைக்ரோமீட்டரை ஒட்டி. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் பிலிப்ஸில் இருந்த கீஸ் இம்மிங்க். ஒரு விளிம்பு கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் "இதன் நீளம் மூன்று அலகா நான்கு அலகா" என்று மின்சுற்று முடிவு செய்துவிடும். முடிவு சரியென்றால் அந்தத் தடுமாற்றம் அங்கேயே செத்தது. படித்த எண்கள் முதலில் ஒரு சிறிய நினைவகத்தில் போய்த் தேங்கும். அங்கிருந்து படிகக் கடிகாரத்தின் தாளத்துக்கு ஒன்றொன்றாக வெளியேறும். மேல்தொட்டியில் தண்ணீர் எப்படி விழுந்தாலும் குழாயில் ஒரே சீராக வருவதுபோல. குழாயில் தடுமாற்றம் இருந்தால் அது கடிகாரத்தின் குற்றம், லேசரின் குற்றம் அல்ல.

புளூ-ஸ்பெக் வந்த அதே காலத்தில் எஸ்எச்எம்-சிடி என்று இன்னொன்றும் வந்தது நினைவிருக்கலாம். எல்சிடி திரைக்கு உருவாக்கிய தெளிந்த பாலிகார்பனேட்டில் அச்சடித்தது. ஒரே மாஸ்டரை, அதாவது அச்சுக்குத் தயார் செய்த மூலப்பதிவை, சாதாரணத் தகட்டிலும் இதிலும் அச்சடித்து ஜோடியாக விற்றார்கள். அப்படி ஒரு ஜோடியை நண்பரிடமிருந்து வாங்கி, இரண்டையும் கணினியில் எடுத்து, தொடக்கப் புள்ளியைப் பொருத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். மிஞ்சியது பூச்சியம். கடைசி பிட் வரைக்கும்.

தொடக்க கால சிடிகள் கரகரத்தன என்பார்களே, அதற்கும் லேசர் பழியாளி இல்லை. 1982இல் வந்த சோனி சிடிபி-101இல் இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, எண்ணை ஒலிக்குறிப்பாக்கும் மாற்றி ஒன்றே ஒன்றுதான். இடது ஒரு தடவை, வலது ஒரு தடவை என்று மாறி மாறி வேலை செய்யும். அதனால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோநொடி பின்தங்கும். பிலிப்ஸோ 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி 16 பிட்டுக்கு ஈடுகட்டியது. சண்டை நடந்ததெல்லாம் அந்தப் பக்கம்.

#7 சால்டரிங்_சாமி

இருபத்தெட்டு வருடமாக பிளேயர் பிரித்துப் பூட்டுகிறேன். தத்துவம் தெரியாது, ஆனால் குடந்தைத் தம்பிக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் கேட்டது பிரமை இல்லை என்று சொல்வேன்.

லேசருக்கும் வயசாகும். பழைய பிளேயரில் வெளிச்சம் மங்கியிருக்கும். இல்லையென்றால் லென்ஸ்மேல் ஊதுபத்திப் புகை, சமையலறைப் பிசுக்கு எல்லாம் படிந்திருக்கும். அப்போது பிழைகள் ஏறும். கொஞ்சம் பிழை என்றால் சிடி தானே முழுசாகச் சரிசெய்துகொள்ளும். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அடுத்தடுத்து வரவேண்டிய எண்களைக் கலைத்துப்போட்டுத் தூரத்தூர எழுதியிருக்கிறார்கள். அதற்கும் மிஞ்சினால் என்ன செய்யும்? முன்னால் இருக்கும் எண்ணையும் பின்னால் இருக்கும் எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போடும். பாட்டு நிற்காது, ஆனால் ஓரம் மழுங்கும். தாளக்கருவியில்தான் முதலில் தெரியும், மிருதங்கத்தின் சாப்பு ஒலி பிசுபிசுக்கும். அதுவும் முடியாவிட்டால்தான் விக்கல். விக்குகிற பிளேயர் விக்காத இடத்திலும் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஆக, தம்பி கேட்டது நீல லேசரை அல்ல, ஆரோக்கியமான லேசரை.

பழைய பிளேயரைத் தூக்கிப் போடாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து லென்ஸை ஒருமுறை தடவுங்கள். அழுத்த வேண்டாம், அது முடி மாதிரி கம்பியில் தொங்குகிறது. பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த தலை) நகரும் கம்பியில் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும், அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். என் மேசைக்கு வருவதில் பாதி இதிலேயே உயிர் பெற்றுவிடும். பக்கத்தில் குட்டியாக ஒரு திருகு தெரியும், லேசர் மின்னோட்டத்துக்கானது. அதை மட்டும் தொடாதீர்கள். ஏற்றினால் ஒரு மாதம் ஜோராகப் பாடும், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும்.

#8 குடந்தைக்காரன்

சாமி அண்ணே, அந்தத் திருகை ஒருவர் ஏற்கெனவே தொட்டுவிட்டார். நான்கு வருடம் முன்பு ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பிக்கப் மாற்றியாச்சு என்று பணம் வாங்கினார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று திறந்து பார்த்தேன். அதே பழைய பிக்கப், திருகில் மட்டும் புதுக் கீறல்.

#9 சால்டரிங்_சாமி

அடடா. சோனி பிக்கப் என்றால் அதன் சீட்டில் மூன்று இலக்க எண் இருக்கும். 485 என்று போட்டிருந்தால் 48.5 மில்லியாம்பியர், பிறந்தபோது அது குடித்த மின்னோட்டம். இப்போது அளந்து பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் கிழடாகிவிட்டது என்று அர்த்தம். புதுசு மாட்டுவதாக இருந்தால் ஒன்று: நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க ஒரு சொட்டு ஈயம் வைத்துக் குறுக்கே இணைத்து அனுப்புவார்கள். மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் "இதுவும் செத்த பிக்கப்" என்று திட்டுபவர்கள் நிறையப் பேர்.

#10 செவிச்செல்வம்

சரி, சாதாரண சிடிக்குப் பழைய லேசரே போதும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக லேசர் முன்னேற்றத்தால் ஒலிக்கு லாபமே இல்லை என்றாகிவிடுமா? எஸ்ஏசிடி, அதாவது சிடியைவிட நுணுக்கமாக ஒலி பதிந்த சூப்பர் ஆடியோ சிடி, கேட்டிருக்கிறீர்களா யாராவது?

#11 அரைக்கடத்தி

லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. இன்னும் பின்னால் போனால் சிடியே லேசரின் பிள்ளைதான். அதற்கு முன் 1978இல் கடைக்கு வந்த லேசர்டிஸ்க் பிளேயருக்குள் ஹீலியம்-நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று படுத்திருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய குறைக்கடத்தி லேசர் மலிவாகக் கிடைக்காமல் இருந்தால் காரிலும் கைப்பையிலும் சிடி போயிருக்காது.

அலைநீளம் குறைந்தால் புள்ளி சிறுக்கும். சிடி லேசரின் புள்ளி கிட்டத்தட்ட 870 நானோமீட்டர், புளூ-ரேயினுடையது 240. தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.32க்கு வந்தது. 700 மெகாபைட் இருந்த இடத்தில் ஒரு அடுக்குக்கு 25 ஜிகாபைட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவைச் சுருக்காமல் போட்டாலும் ஆறு மணி நேரம் கொள்ளும். நீல ஒளி உமிழும் காலியம் நைட்ரைடைப் பிடிவாதமாகத் துரத்திய ஷூஜி நகமுராதான் நிச்சியா நிறுவனத்தில் அந்த நீலஊதா லேசரையும் 90களின் நடுவில் எரிய வைத்தார். 2014இல் நோபல் கிடைத்தது நீல எல்இடிக்காக, அகசாகி, அமனோ இருவரோடு சேர்த்து.

எஸ்ஏசிடி 1999இல் வந்தபோது நீலம் இன்னும் கடைக்கு வரவில்லை, அது 650தான். ஆனால் அதன் கலப்புத் தகட்டில் ஒரு அழகான தந்திரம் உண்டு. பாதி ஆழத்தில் ஒரு படலம், 650க்குக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும், 780க்கு வழிவிடும். புது பிளேயர் அந்தப் படலத்தைப் படிக்கும். பழைய பிளேயருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நேராக அடியில் இருக்கும் சிடி அடுக்குக்குப் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், ஒருவருக்கொருவர் முகம் பார்த்ததில்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி சிறுத்தால் தூசி பெரிதாகும். சிடியின் மேற்பரப்பில் கதிர் முக்கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும், உள்ளே போய்த்தான் குவியும். அதனால் மேலே ஒட்டிய தூசி அதற்குக் குவியத்துக்கு வெளியே மங்கலான நிழல். புளூ-ரேயில் தரவு 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் அந்தச் சலுகை இல்லை. கடினமான மேற்பூச்சு பூசியே ஆக வேண்டியிருந்தது.

#12 செவிச்செல்வம்

அப்போ எஸ்ஏசிடியில் எனக்குக் கேட்பது?

#13 அரைக்கடத்தி

அதே தகட்டின் சிடி அடுக்கையும் ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டுப் பாருங்கள் அண்ணா, யாரையாவது மாற்றிமாற்றிப் போடச் சொல்லி, நீங்கள் பார்க்காமல். பல எஸ்ஏசிடிகளுக்கு மாஸ்டரிங்கே புதிதாகச் செய்திருக்கிறார்கள். சத்தத்தைப் பிதுக்காமல் விட்ட மாஸ்டர் எந்தத் தகட்டில் இருந்தாலும் நன்றாகவே இருக்கும்.

#14 செவிச்செல்வம்

கேட்டுவிட்டு வருகிறேன். வராவிட்டால் தோற்றுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள் :)

#15 ரொறன்ரோ_யாழன்

இந்த இழையில் ஒரு விசயம் விடுபட்டுப்போச்சு. லேசர் சிடியை மட்டும்தான் படிக்குமா? கறுப்பு இசைத்தட்டை ஊசி இல்லாமல் லேசரால் படிக்கும் கருவியும் இருக்கிறது. 80களில் அமெரிக்காவில் ஃபினியல் என்ற நிறுவனம் தொடங்கிய முயற்சி. பிறகு ஜப்பானில் ஈஎல்பி அதை எடுத்து விற்றது. ஐந்து கதிர்கள்: பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் படிக்க இரண்டு, தடத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு, உயரம் பார்க்க ஒன்று. இதில் எண்ணாக்கம் எதுவும் கிடையாது. திரும்பும் ஒளியின் அசைவே நேராக ஒலியாகிறது.

எனக்கு இதில் அக்கறை வந்த காரணம் அம்மப்பாவின், நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டுகள். நாடகப் பாட்டுகள். அந்தக் காலத்து இரும்பு ஊசி பள்ளத்தை உழுது தள்ளிவிட்டது. லேசர் பள்ளத்தின் வேறொரு உயரத்தில், ஊசி தொடாத சுவரில் படிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். அரைக்கடத்தி சொன்ன "கூர்மை எதுவரை போகிறது" என்ற கேள்விக்கு இங்கே பதிலே வேறு. இது அனலொக். லேசர் எவ்வளவு நன்றாகப் பார்க்கிறதோ அவ்வளவுதான் சத்தம்.

கஷ்டமும் அங்கேதான். ஊசி தூசியைத் தள்ளிக்கொண்டு போகும், லேசர் தூசியையும் பாட்டு என்று நினைத்து வாசிக்கும். ஒவ்வொரு தட்டையும் கழுவித்தான் வைக்க வேண்டும். நிறத் தட்டு, ஒளி ஊடுருவும் தட்டு ஓடாது. விலையைக் கேட்டால் கார் வாங்கலாம் போலத் தோன்றும்.

#16 படிகம்

யாழன் சொன்னதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர் தட்டைச் சுழற்றவே வேண்டாம், பள்ளத்தைப் படம் எடுத்துக் கணினியில் ஊசியை ஓட்டினால் போதும் என்று கிளம்பினார். உடைந்த தட்டுகூட இதில் பாடும். 1860இல் பாரீசில் ஸ்காட் டி மார்ட்டின்வில் என்பவர் புகைக்கரி பூசிய தாளில் ஒலியைக் கோடாக வரைந்து வைத்திருந்தார். திரும்பக் கேட்க வழி இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. 2008இல் அந்தக் கோட்டை அந்த ஆய்வக உதவியோடு ஒலியாக்கினார்கள். முதலில் ஒரு சிறுமியின் குரல் என்று நினைத்தார்கள். அடுத்த வருடம் பார்த்தால் வேகம் இரட்டிப்பாக ஓடியிருக்கிறது. குறைத்ததும் மெதுவாகப் பாடும் ஆண் குரல், அநேகமாக ஸ்காட்டே.

#17 ரொறன்ரோ_யாழன்

உடைந்த தட்டுகூடப் பாடும் என்றால் என்னிடம் மூன்று துண்டாக ஒன்று இருக்கு. எறியாமல் வைத்திருந்தது நல்லது.

#18 சுருள்நாடா

டீ ஆறிவிட்டது. ஒரே சந்தேகம். 2024இல் ஷாங்காயில் நூறு அடுக்கு போட்டு ஒரே தகட்டில் 1.6 பெட்டாபிட் எழுதியதாகச் செய்தி வந்ததே, அதில் பாட்டு கேட்டால் எப்படி இருக்கும்?

#19 அரைக்கடத்தி

அதாவது 200 டெராபைட். பாட்டு அதேபோல்தான் இருக்கும், தேடுவதற்குள் விடிந்துவிடும். ஆய்வகத்தில் எழுதியது வேறு, கடையில் பிளேயர் வருவது வேறு. 2025 தொடக்கத்தில் சோனி பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளின் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. இசைக்கென்று இனி ஒரு புது லேசரை யாரும் உருவாக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிற 780க்குத் தரமான பிக்கப் தொடர்ந்து கிடைத்தாலே பெரிய விஷயம்.

#20 சால்டரிங்_சாமி

அதைச் சொல்லுங்கள். இப்போது வரும் நகல் பிக்கப்கள் பத்து வாங்கினால் எத்தனை தேறும் என்று பந்தயமே கட்டலாம்.

#21 குடந்தைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. லென்ஸைத் துடைத்தேன், கிரீஸ் மாற்றினேன். பழைய பிளேயர் இப்போது பெரும்பாலான தகடுகளைப் படிக்கிறது. இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம், வித்தியாசம் இல்லை. புளூ-ஸ்பெக் வாங்கவில்லை.

ஒரே ஒரு தகடு மட்டும் இரண்டு பிளேயரிலும் ஏழாவது பாட்டில் ஒரே இடத்தில் நிற்கிறது. அடிப்பக்கம் கீறலே இல்லை, பளபளவென்று இருக்கிறது.

#22 சால்டரிங்_சாமி

அடிப்பக்கத்தை விடுங்கள், படம் அச்சடித்த பக்கத்தைப் பாருங்கள். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே அலுமினியத்துக்குக் காவல் மெல்லிய அரக்குப் பூச்சும் மையும் மட்டும்தான். அந்தப் பக்கம் பட்ட காயத்தை எந்த லேசராலும் படிக்க முடியாது. பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும்.

#23 குடந்தைக்காரன்

பார்த்தேன். தகட்டின் மேல் அப்பா பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயர் எழுதியிருக்கிறார். யாரோ இரவல் கேட்டிருப்பார்கள் போல. முதல் எழுத்து 'ச' வளையும் இடத்தில் அழுத்திவிட்டார், அங்கேதான் வெளிச்சம் தெரிகிறது.

#24 சால்டரிங்_சாமி

அப்போ அதை அப்படியே விட்டுவிடுங்கள் தம்பி. எட்டாவது பாட்டிலிருந்து போட்டால் ஓடும்.